ஒரே சிலேட்டில் இரண்டு பெயர்

பி.காம் படிக்கிறவனுக்கு சி மொழி எதற்கு என்று கேட்காதீர்கள். லீவில் செங்கோட்டையில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல், தென்காசிக்கு பஸ் ஏறிப் போய்க் கற்றுக்கொண்டேன். பழைய புத்தகம் ஒன்றைப் பார்த்து நான் எழுதிய முதல் நெட்வொர்க் புரோகிராம், இரண்டு கணினிப் பெயர்களுக்கும் ஒரே ஐபி முகவரியைக் காட்டியது. ராத்திரி முழுக்க முழித்தும் பிடிபடவில்லை. அந்தத் தப்பின் வயது என் வயதைப் போல ரெண்டு மடங்கு என்று அப்புறம்தான் தெரிந்தது!

பெயரைத் தேடி முகவரி எடுப்பது அவ்வளவு பெரிய விஷயமா? எங்கள் பக்கத்து மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் சோஹோவைக் கேளுங்கள். 2018 செப்டம்பர் 24 அன்று அதன் டொமைன் பெயரை, பதிவு செய்திருந்த அமெரிக்க நிறுவனம் முடக்கிவிட்டது. சர்வர்கள் எல்லாம் நன்றாகத்தான் ஓடின. பெயரைக் கேட்டால் விடை சொல்லத்தான் ஆளில்லை.

1970களில் ஆர்பாநெட் வலையின் கணினிப் பெயர்கள் எல்லாம் ஒரே கோப்பில் இருந்தன. கலிபோர்னியாவின் எஸ்.ஆர்.ஐ. நிறுவனத்தில் எலிசபெத் ஃபெயின்லரின் குழு அதைக் கவனித்துக்கொண்டது. நம்மூர் பத்திரப்பதிவு ஆபீஸ் மாதிரி, புதுசாக வந்த கணினி அங்கே போய்ப் பதிய வேண்டும். 1983ல் பெர்க்லி பல்கலைக்கழகம் வெளியிட்ட 4.2 பிஎஸ்டி யூனிக்ஸில்தான் கெட்ஹோஸ்ட்பைநேம் வந்தது. நெட்வொர்க், புரோட்டோகால், சர்வீஸ் ஆகியவற்றின் பெயரைத் தேடித் தரும் கூடப்பிறந்த ஃபங்ஷன்களும் அதோடு வந்தன.

இவர்கள் எல்லோருக்கும் ஒரே பழக்கம். விடையைத் தன்னிடம் இருக்கும் ஒரே இடத்தில் எழுதிவிட்டு, "அங்கே பார்" என்று கை காட்டுவது. மண்டிக் கணக்குப்பிள்ளை சிலேட்டில் விலை எழுதிக் காட்டுவாரே, அது மாதிரி. அடுத்த ஆள் கேட்டால் முதல் விலையை அழித்துவிட்டு எழுதுவார். நான் ரெண்டு விலையும் கேட்டு முடித்துவிட்டுத்தான் சிலேட்டையே பார்த்தேன் :-)

ஒரு புரோகிராம் ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் பார்த்த காலத்துக்கு இது போதும். 1995ல் போசிக்ஸ் தரத்தில் திரெட்கள் சேர்ந்தன. (வி.எஸ்.என்.எல். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் திறந்ததும் அதே வருஷம் ஆகஸ்ட் 15.) ஒரே புரோகிராமுக்குள் பல திரெட்கள் ஒரே சிலேட்டுக்குக் கை நீட்டினால், ஒருவன் கேட்ட முகவரி இன்னொருவன் கைக்குப் போய்விடும். அதற்காகப் பெயரின் கடைசியில் 'ஆர்' ஒட்டிய ஃபங்ஷன்கள் வந்தன. இவற்றில் சிலேட்டைக் கேட்பவனே கொண்டுவர வேண்டும். சின்னதாக இருந்தால், லினக்ஸில், பெரிசாகக் கொண்டுவா என்று பிழை எண்ணோடு திருப்பி அனுப்பும். நல்ல யோசனைதான். ஆனால் யாரும் தரப்படுத்தவில்லை. சோலாரிஸில் 5 ஆர்குமென்ட், லினக்ஸில் 6, இன்னும் சில யூனிக்ஸ்களில் 3. ஒன்றில் எழுதியது மற்றதில் கம்பைல் ஆகாது. எனக்கு இதில்தான் கோபம்.

2001 போசிக்ஸ் தரம் கெட்அட்ரின்ஃபோவைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு முறையும் புது இடம் எடுத்து விடை தரும், ஐபிவி6 முகவரியும் தெரியும். 2008 தரத்தில் பழைய கெட்ஹோஸ்ட்பைநேமுக்கு இடமே இல்லை. ஆனாலும் சாகவில்லை. 2015 ஜனவரியில் குவாலிஸ் நிறுவனம், லினக்ஸின் ஜிலிப்சி நூலகத்தில் 'கோஸ்ட்' என்ற ஓட்டையை அறிவித்தது. தேவையான இடத்தைக் கணக்கிடும்போது ஒரு பாயின்டரின் அளவைக் கூட்ட மறந்திருந்தார்கள். 2000ல் வந்த 2.2 பதிப்பிலேயே அது இருந்தது. 'ஆர்' ஒட்டியவையும் தப்பவில்லை. வேடிக்கை என்னவென்றால் 2013 மே மாதமே அதைத் திருத்திவிட்டார்கள். பாதுகாப்புப் பிரச்னை என்று தெரியாமலே திருத்தியதால் பல லினக்ஸ் பதிப்புகள் அந்தத் திருத்தத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

என் புரோகிராமை கெட்அட்ரின்ஃபோவுக்கு மாற்றினேன். ரெண்டு முகவரியும் தனித்தனியாக வந்தது. எடுத்த இடத்தைத் திருப்பிக் கொடுக்கும் ஃப்ரீஅட்ரின்ஃபோவைத்தான் மறந்துவிட்டேன். அது மறுநாள் ராத்திரி வேலை.