ஐரிஷ் துணியும் செத்துப்போன எழுத்துகளும்

கொஞ்ச நாளாக ராத்திரியில் ஐரிஷ் மொழி படித்துக்கொண்டிருக்கிறேன். ஏன்னு கேக்காதீங்க :) பாடத்தில் வரும் வார்த்தைகளை எண்ணுவதற்கு ஒரு குட்டி ப்ரோகிராம் எழுதினேன். அது, துணிக்கு நாலு வார்த்தை என்றது: ஏதஹ், தேதஹ், ஹேதஹ், நேதஹ். அகராதியிலோ முதலாவது மட்டும்தான் இருக்கு!

சரி, முன்னாடி ஒட்டியிருக்கிற எழுத்தை வெட்டிடுவோம் என்று ஒரு வரி சேர்த்தேன். எண்ணிக்கை சரியாக வந்தது. அர்த்தம் காணாமல் போனது.

விஷயம் இதுதான். ஐரிஷில் அவனுடைய, அவளுடைய, அவர்களுடைய மூன்றுக்குமே 'அ' என்ற ஒரே சொல். 'அ ஏதஹ்' அவன் துணி. 'அ ஹேதஹ்' அவள் துணி. 'அ நேதஹ்' அவர்கள் துணி. துணி யாருடையது என்று சொல்வது நான் வெட்டி எறிந்த அந்த ஒரு எழுத்துதான்.

இது எங்கிருந்து வந்தது? ரொம்பப் பழைய காலத்தில் 'அவளுடைய' என்ற சொல் 'ஸ்' என்று முடிந்தது, 'அவர்களுடைய' மூக்கொலியில் முடிந்தது, 'அவனுடைய' உயிரெழுத்தில் முடிந்தது. கி.பி. 4 முதல் 6-ம் நூற்றாண்டு வரையிலான ஓகம் கல்வெட்டுகளில் இப்படிப்பட்ட பழைய விகுதிகளைப் பார்க்கலாம். பிறகு அவை உதிர்ந்துபோயின. போகும்போது 'ஸ்' ஒரு 'ஹ்'-ஐயும், மூக்கொலி ஒரு 'ந்'-ஐயும் அடுத்த வார்த்தையின் தலையில் வைத்துவிட்டுப் போனது. 'அன் தேதஹ்' (அந்தத் துணி) என்பதில் வரும் 'த்' கூட, 'ஸிந்தோஸ்' என்ற பழைய சுட்டுச்சொல் தேய்ந்த மிச்சம்தான். நமக்குப் பொன்னும் குடமும் சேர்ந்தால் பொற்குடம், முதல் வார்த்தையின் வால் மாறும். அவர்களுக்கு அடுத்த வார்த்தையின் தலை மாறுது.

ஏதஹ் பழைய ஐரிஷில் அஃறிணைப்பால். அந்தப் பாலே மொழியிலிருந்து மறைந்ததும் ஆண்பாலாகிவிட்டது. பன்மை 'ஏதீ'. மூலத்தைத் தேடினால் 'மூடு' என்று பொருள்படும் 'தெக்' வேருக்குக் கொண்டுபோகிறார்கள். ரோமானியர்களின் 'டோகா' அங்கி, ஜெர்மனில் கூரையைக் குறிக்கும் 'தாஹ்', ஐரிஷில் வீட்டைக் குறிக்கும் 'த்யாஹ்' எல்லாம் அதே வேர். வீடும் துணியும் ஒரே குடும்பம்!

ஆயிரத்து ஐந்நூறு வருஷமா ஜனங்க வாயில் தப்பிப் பிழைத்த எழுத்தை நான் ஒரே வரியில் குப்பை என்று தள்ளியிருக்கிறேன். அந்த வரியை இப்போ அழிச்சாச்சு. நாலு வார்த்தைன்னே இருக்கட்டும்.