மரச்சுவர் வெடியைத் தாங்குமா?

இன்னைக்கு எபிசோட் ஒரு மரச்சுவரோட கதை. கதை ஆரம்பிக்கிறப்போ, உடைஞ்சு போறதுதான் அந்தச் சுவரோட வேலையே.

1802. அமெரிக்காவின் டெலவேர் மாநிலம், பிராண்டிவைன் ஆத்தங்கரை. பிரான்ஸ்ல இருந்து வந்த இ.ஐ. டூபாண்ட் அங்க ஒரு வெடிமருந்து ஆலை தொடங்கினார். மருந்து அரைக்கிற கட்டடங்களுக்கு மூணு பக்கமும் தடிமனான கருங்கல் சுவர். ஆத்தைப் பார்த்த நாலாவது பக்கமும் கூரையும் மட்டும் லேசான மரம். ஏன்? உள்ள வெடிச்சா மரம் பிச்சுக்கிட்டு ஆத்துப் பக்கம் போயிடும், விசை வெளியேறிடும், பக்கத்து ஆலை தப்பிக்கும்.

ஆனா உள்ள வேலை செஞ்சவங்க? வெடிச்சு செத்தவரை, 'ஓடையைத் தாண்டிப் போயிட்டார்'னு தொழிலாளர்கள் சொல்வாங்களாம். 1818ல நடந்த பெரிய விபத்துல மட்டும் 30 பேருக்கு மேல இறந்தாங்க. கட்டடத்தோட வடிவமைப்பு காப்பாத்தினது ஆலையை; உள்ள நின்ன ஆளை இல்ல.

இப்போ 1995க்கு வருவோம். ஏப்ரல் 19, ஓக்லஹோமா சிட்டி. மர்ரா ஃபெடரல் பில்டிங், ஒன்பது மாடி கான்கிரீட் கட்டடம். வாசல்ல நிறுத்தியிருந்த ட்ரக் வெடிச்சுது. 168 பேர் பலி, அதுல 19 குழந்தைகள்.

குண்டு நேரடியா உடைச்சது தெருப் பக்கத் தூண்கள்ல சிலதைத்தான். ஆனா மேல் மாடித் தூண்களோட எடையை எல்லாம் மூணாவது மாடியில இருந்த ஒரே பெரிய உத்தரம்தான் சுமந்துது. கீழ தூண் போனதும் உத்தரம் போச்சு, உத்தரம் போனதும் மாடிகள் சரிஞ்சுது. ஒரு சர்வர் விழுந்தா மொத்த சிஸ்டமும் விழுற மாதிரி. அதுக்கு அடுத்த வருஷம் சவுதி அரேபியாவுல கோபார் டவர்ஸ் தாக்குதல், 19 அமெரிக்க விமானப் படையினர் பலி. இதுக்கெல்லாம் அப்புறம்தான் அமெரிக்காவுல அரசு, ராணுவக் கட்டடங்களுக்கு வெடி விதிகள் கடுமையாச்சு.

இதே 90கள்ல ஆஸ்திரியா, ஜெர்மனிப் பக்கம் வேற ஒரு கதை ஓடிக்கிட்டு இருந்துது. பலகைகளை ஒரு அடுக்கு நெடுக்கா, அடுத்தது குறுக்கான்னு மாத்தி மாத்தி ஒட்டி, சுவர் அளவுக்குப் பெரிய பலகம் செஞ்சாங்க. பேரு கிராஸ் லேமினேட்டட் டிம்பர், சுருக்கமா சி.எல்.டி. கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கெர்ஹார்ட் ஷிக்ஹோஃபர் இதுல முக்கியமான ஆள். இந்த ஆராய்ச்சிக்காக 2019ல மார்கஸ் வாலன்பெரி பரிசு வாங்கினார்.

சி.எல்.டி. அமெரிக்காவுக்கு வந்ததும் ராணுவம் கேட்ட கேள்வி ஒண்ணுதான்: இது வெடியைத் தாங்குமா?

மரத்துக்கு ஒரு பலம் இருக்கு. பாரம் எவ்வளவு குறைஞ்ச நேரம் விழுதோ, அவ்வளவு அதிகமா தாங்கும். அமெரிக்க மர வடிவமைப்பு விதிகள்ல பத்து வருஷம் நிக்கிற பாரத்துக்குக் குணகம் 1.0, சட்டுனு விழுற மோதலுக்கு 2.0. வெடியோட அழுத்தம் சில மில்லி செகண்ட்தான். இதுவரைக்கும் சாதகம்.

பாதகமும் இருக்கு. மரம் லேசு. கனமான கான்கிரீட் சுவரை அசைக்கவே நிறைய விசை வேணும், மரச்சுவர் சீக்கிரம் நகர்ந்துடும். அதோட இரும்பு வளைஞ்சு நீண்டு சக்தியை உறிஞ்சும். மரம் ஒரு எல்லை வரைக்கும்தான் வளையும், தாண்டினா படக்குனு முறியும்.

அப்போ கணக்கு மட்டும் போதாது, வெடிச்சுத்தான் பார்க்கணும். 2016ல ஃப்ளோரிடாவின் டிண்டல் விமானப் படைத் தளத்துல மூணு சி.எல்.டி. கட்டடங்கள் கட்டினாங்க. ஒவ்வொண்ணும் ரெண்டு மாடி, மரத்தின் தரம் மூணுலயும் வேற வேற. முதல் ரெண்டு வெடியும் சுவர் வளைஞ்சு பழையபடி திரும்புற அளவுக்குள்ள. மூணாவது வேணும்னே அந்த எல்லையைத் தாண்டி. முதல்ல வந்த அளவுகள் முன்கூட்டிப் போட்ட கணக்கோட ஒத்துப் போச்சு. மூணாவதுல சில பலகங்கள் முறிஞ்சுது, ஆனா கட்டடங்கள் நின்னுது. மேல் மாடிகளோட எடை அழுத்துறப்போ சுவர் என்ன செய்யும்னு 2017ல மறுபடியும் வெடிச்சுப் பார்த்தாங்க.

இதுக்காக 'மரம் கான்கிரீட்டை ஜெயிச்சிடுச்சு'னு ஸ்டேட்டஸ் போட்டுடாதீங்க. எவ்வளவு பெரிய குண்டு, எவ்வளவு தூரம், பலகத்தைப் பிடிச்சிருக்கிற இரும்பு இணைப்பு எப்படி, இதையெல்லாம் பொறுத்துதான் பதில் மாறும். சுவர் நின்னு இணைப்பு பிடுங்கிக்கிட்டா மாடி கீழ வந்துடும்.

ஓக்லஹோமாவுல கட்டடத்தோட பொருள் கான்கிரீட், டிண்டல்ல மரம். ரெண்டும் சொல்ற பாடம் ஒண்ணுதான்: எந்தப் பொருள்ல கட்டினோம்ங்கிறது பாதிக் கேள்வி. ஒரு பாகம் உடைஞ்ச பிறகு அதோட பாரத்தை யார் வாங்கிக்கிறாங்கங்கிறது மீதிக் கேள்வி. பிராண்டிவைன்ல அந்தக் கேள்வியில ஆலை மட்டும்தான் இருந்துது. இப்போ உள்ள இருக்கிற ஆளும் இருக்கார்.