வெள்ளியில் யாருடைய பெயர்?

எங்கள் மொன்றியல் ஒரு காலத்தில் வெள்ளி நகை செய்யும் ஊராக இருந்தது, தெரியுமா? 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், விலங்குத் தோல் வணிகர்கள் இங்கே செய்த வெள்ளிச் சிலுவை, மார்பூசி, கைக்காப்பு எல்லாவற்றையும் மேற்கே கொண்டுபோய், பூர்வகுடி மக்களிடம் கொடுத்து பீவர் தோல் வாங்கினார்கள்.

அந்த நகைகளில் சில இன்று மக்கோர்ட் ஸ்டூவர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றின் முத்திரைகளில் ஒன்று பியர் யூகே லாத்தூருடையது. அவர் முதலில் 'விக்' செய்து விற்றவர். பிறகு வெள்ளிக் கொல்லர்களைக் கூலிக்கு அமர்த்தி நகை செய்வித்தார். கை அவர்களுடையது, முத்திரை இவருடையது.

19ஆம் நூற்றாண்டில் சென்னையிலும் இதுதான் நடந்தது. சாமி உருவங்களை வரிசையாகப் புடைத்தெழச் செய்த 'சுவாமி' நகைகளுக்கும் வெள்ளிப் பாத்திரங்களுக்கும் பிரித்தானியாவில் நல்ல கிராக்கி. 1875-76இல் வேல்ஸ் இளவரசர் இந்தியா வந்துபோன பிறகு அது இன்னும் கூடியது. சேகரிப்பாளர்கள் இன்றும் அவற்றில் தேடுவது மவுண்ட் ரோட்டில் இருந்த பி. ஓர் அண்ட் சன்ஸ் என்ற கடையின் பெயரை. முருகனையும் பிள்ளையாரையும் தட்டியெடுத்த பத்தரின் பெயர் அதில் இல்லை.

அமெரிக்காவின் அரிசோனாவில் வாழும் ஹோப்பி மக்கள் வேறு வழியில் போனார்கள். இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய ஹோப்பி இளைஞர்களுக்கு, 1947இல் பால் சௌஃப்கி வெள்ளி வேலையையும் ஃபிரெட் கபோட்டி வடிவமைப்பையும் கற்றுக்கொடுத்தார்கள். மேல் தகட்டில் உருவத்தை வெட்டியெடுத்து, அதை இன்னொரு தகட்டின் மேல் பற்றவைத்து, பள்ளத்தைக் கறுப்பாக்குவது அவர்களுடைய முறை. 1949இல் சொந்தக் கூட்டுறவுச் சங்கமும் தொடங்கினார்கள். நகையின் பின்பக்கத்தில் செய்தவர் தன் அடையாளத்தைப் பொறிப்பார். பலருக்கு அது தங்கள் குலச்சின்னம். அதனால் ஐம்பது வருடம் கழித்தும் ஒரு காப்பைத் திருப்பிப் பார்த்து, அது யார் கைவேலை என்று சொல்ல முடிகிறது.

இப்போது உங்கள் வீட்டு நகைகளை யோசியுங்கள். அம்மம்மாவின் அட்டியல் எத்தனை பவுண் என்று அம்மாவுக்குத் தெரியும். எந்த ஊர்ப் பத்தர் செய்தார் என்று கேட்டுப் பாருங்கள். நாட்டை விட்டு வரும்போது பல குடும்பங்கள் நகையை விற்றோ அடகுவைத்தோதான் விமானம் ஏறின. மிஞ்சிய நகைகளில் பெரும்பாலும் முத்திரை இல்லை. செய்தவரின் பெயர் அம்மம்மாமாரின் ஞாபகத்தில் மட்டும் இருக்கிறது. இந்த வாரமே கேட்டு, ஒரு துண்டுத் தாளில் எழுதி, நகைப்பெட்டிக்குள் வையுங்கள்.