டைட்ச்–மோகோடாஃப் சவுண்டெக்ஸ்

டைட்ச்–மோகோடாஃப் சவுண்டெக்ஸ் என்பது கிழக்கு ஐரோப்பியக் குடும்பப்பெயர்களை எழுத்துக்கூட்டலை வைத்தல்லாமல் ஒலியை வைத்து ஆறு இலக்க எண்ணாக மாற்றும் முறை. ஸ்லாவிய மொழிகள், இத்திஷ், ஜெர்மன் ஆகியவற்றில் வேர்கொண்ட பெயர்களுக்காக அமெரிக்க வம்சாவளி ஆய்வாளர் கேரி மோகோடாஃப் 1985-இல் இதை வகுத்தார். ராண்டி டைட்ச் பின்னர் செம்மைப்படுத்தினார். யூதக் குடும்ப வரலாற்றைத் தேடுவோர் இன்று முதலில் கையிலெடுக்கும் கருவி இதுவே.

ஒரே பெயர், பல எழுத்து

கிழக்கு ஐரோப்பிய யூதர்களில் பெரும்பாலோருக்கு 18-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை நிலையான குடும்பப்பெயர் கிடையாது. இன்னாரின் மகன் இன்னார் என்பதே வழக்கு. வரி வாங்கவும் படைக்கு ஆள் எடுக்கவும் அரசுகளுக்கு நிலையான பெயர் தேவைப்பட்டது. ஆஸ்திரியா 1787-இலும், ரஷ்யப் பேரரசு 1804-இலும், பிரஷ்யா 1812-இலும், போலந்து முடியரசு 1821-இலும் குடும்பப்பெயரைக் கட்டாயமாக்கின. வீட்டில் இத்திஷ் பேசியவர்களின் பெயரை அலுவலக எழுத்தர் தம் மொழியில் காதில் விழுந்தபடி எழுதினார். போலந்து முடியரசில் 1868 வரை போலிஷ் மொழியில் இருந்த பிறப்பு, இறப்புப் பதிவுகள் அதன்பின் ரஷ்ய மொழிக்கு மாறின. தாத்தாவின் பெயர் லத்தீன் எழுத்திலும் பேரனின் பெயர் சிரில்லிக் எழுத்திலும் இருப்பது இதனால்தான்.

ஷ்வார்ட்ஸ் என்ற பெயரைப் பாருங்கள். ஜெர்மன் எழுத்தர் முதலில் வரும் ‘ஷ்’ ஒலிக்கு எஸ், சி, எச் என மூன்று எழுத்துகளைச் செலவிடுவார். போலிஷ் எழுத்தருக்கு எஸ், ஸெட் இரண்டு போதும். கடைசியில் வரும் ‘ட்ஸ்’ ஒலிக்கு ஜெர்மானியர் டி, ஸெட் போடும் இடத்தில் போலந்துக்காரர் ஒற்றைச் சி போடுவார். சிரில்லிக்கிலிருந்து ஆங்கிலத்துக்குப் பெயர்த்தால் மூன்றாவது வடிவம் கிடைக்கும். அகரவரிசைப் பட்டியலில் தேடுகிறவருக்கு இவர்கள் மூன்று வேறு குடும்பங்கள்.

அமெரிக்காவுக்குக் குடியேறியவர்கள் எல்லிஸ் தீவில் இறங்கியபோது அமெரிக்க அதிகாரிகள் பெயர்களை மாற்றிவிட்டார்கள் என்று பல குடும்பங்களில் சொல்லப்படுவதுண்டு. உண்மையில் பயணியர் பட்டியல் கப்பல் ஏறும் துறைமுகத்திலேயே எழுதப்பட்டது. எல்லிஸ் தீவில் அதைச் சரிபார்த்தார்கள், அவ்வளவே. குழப்பம் கடல் கடப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

முந்தைய முறையும் அதன் போதாமையும்

ஒலிவழிக் குறியீடு அமெரிக்காவுக்குப் புதிதல்ல. ராபர்ட் ரஸ்ஸல் என்பவர் 1918-இல் சவுண்டெக்ஸ் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1930-களில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளுக்கு அட்டவணை தயாரிக்க அரசு அதன் திருத்திய வடிவத்தைப் பயன்படுத்தியது. பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அடுத்து வரும் மெய்யெழுத்துகளுக்கு மூன்று எண்கள் கொடுப்பது அதன் வழி. ஆங்கிலப் பெயர்களுக்கு அது போதும். ஆனால் மாஸ்கோவிட்ஸ் என்ற பெயரை டபிள்யூ போட்டு எழுதினால் எம்232, வி போட்டு எழுதினால் எம்213 என்று வரும். ஜெர்மனிலும் போலிஷிலும் டபிள்யூவுக்கு ‘வ’ ஒலிதான் என்பதை அந்த முறை அறியாது.

இந்தக் குறை மோகோடாஃபுக்கு வேலையின் நடுவில் தெரிந்தது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியாக இருந்த பாலஸ்தீனத்தில் 1921 முதல் 1948 வரை சட்டப்படி பெயர் மாற்றிக்கொண்ட சுமார் 28,000 பேரின் பட்டியலுக்கு அவர் அட்டவணை தயாரித்துக்கொண்டிருந்தார். அவர்களில் பெரும்பாலோர் ஜெர்மானிய, ஸ்லாவியக் குடும்பப்பெயர் கொண்ட யூதர்கள். ஒரே ஒலியுள்ள பெயர்கள் பட்டியலெங்கும் சிதறிக் கிடந்தன. அவற்றை ஒன்றுசேர்க்க அவர் வகுத்த விதிகள் 1985-இல் ‘அவோட்டய்னு’ என்ற யூத வம்சாவளி இதழில் வெளிவந்தன.

செயல்படும் விதம்

முதல் எழுத்துக்கும் எண் உண்டு என்பது பெரிய மாற்றம். எழுத்துக் கூட்டுகளை ஒரே ஒலியாக எடுத்துக்கொள்வது அடுத்தது: ‘ஷ்’, ‘ச்’, ‘ட்ஸ்’ ஒலிகளை எந்த மொழி எத்தனை எழுத்தில் எழுதினாலும் எண் 4. பி, எஃப், வி, டபிள்யூ எல்லாமே 7. ஓர் ஒலி பெயரின் தொடக்கத்தில் வருகிறதா, உயிருக்கு முன் வருகிறதா, வேறிடத்தில் வருகிறதா என்பதைப் பொறுத்து எண் மாறும். உயிரொலிகள் பெயரின் தொடக்கத்தில் வந்தால்தான் பெரும்பாலும் கணக்கில் சேரும். ஆறு இலக்கம் நிரம்பாவிட்டால் சுழியம் இட்டு நிரப்புவார்கள்.

இப்படிப் பார்த்தால் மாஸ்கோவிட்ஸின் இரு வடிவங்களும் 645740. ஷ்வார்ட்ஸின் மூன்று வடிவங்களுக்கும் 479400 வந்துவிடுகிறது. ரஷ்ய மொழியில் ‘ஹ’ ஒலிக்கு எழுத்து இல்லாததால் ஹுர்விட்ஸ் அங்கே குரேவிச் ஆனார்; இந்த முறையில் உயிருக்கு முன் வரும் எச்சுக்கும் ஜிக்கும் ஒரே எண் 5 என்பதால், இருவரும் 597400-இல் சந்திக்கிறார்கள். இம்முறையின் அழகே இங்கேதான் இருக்கிறது: விதிகள் மொழிகளின் வரலாற்றை உள்ளே வைத்திருக்கின்றன.

ஓர் எழுத்துக்கு இரு ஒலி இருக்கலாம் என்றால் இரண்டு எண்களும் தரப்படும். ஆவர்பாக் என்ற பெயரின் இறுதியிலுள்ள சி-எச், ஜெர்மன் ஒலியில் 097500 தரும். ஆங்கில ஒலியில் 097400. தேடும்போது இரண்டையும் பார்க்க வேண்டும்.

எல்லைகளும் அடுத்த கட்டமும்

இந்த முறை வலையை அகலமாகவே வீசுகிறது. வைஸ், பாஸ் என்ற தொடர்பில்லாத பெயர்கள் இரண்டும் 740000. மறுபுறம் கோஹனும் ககானும் ககனும் 556000-இல் சேர, அதே வேரைச் சேர்ந்த கோன் 560000-க்குப் போய்விடுகிறது. உயிர் பின்தொடராத எச் எண்ணப்படுவதில்லை.

இந்தக் குறைகளை நீக்க அலெக்சாண்டர் பைடரும் ஸ்டீபன் மோர்ஸும் 2008-இல் வேறொரு முறையை வெளியிட்டார்கள். பைடர் ரஷ்யப் பேரரசு, போலந்து முடியரசு, ஆஸ்திரிய ஆட்சியிலிருந்த கலீசியா ஆகியவற்றின் யூதக் குடும்பப்பெயர்களுக்கு அகராதி தொகுத்தவர்; மோர்ஸ் இன்டெல் 8086 சில்லை வடிவமைத்தவர். பைடர்–மோர்ஸ் முறை முதலில் எழுத்துக்கூட்டலிலிருந்து பெயர் எந்த மொழிக்குரியது என்று ஊகிக்கிறது. பின்பு அந்த மொழியின் உச்சரிப்பு விதிகளைப் பொருத்துகிறது. பொருந்தாத பெயர்கள் வெகுவாகக் குறைகின்றன. ஆனாலும் காகிதமும் பென்சிலும் வைத்து யாரும் கணக்கிட்டுவிடக்கூடிய எளிமை பழைய முறைக்கே உண்டு. யூத வம்சாவளி இணையதளமான ஜூயிஷ்ஜென்னின் தரவுத்தளங்கள் இரண்டு வழியிலும் தேட இடம் தருகின்றன. போஸ்ட்கிரெஸ் தரவுத்தள மென்பொருளிலும் 16-ஆம் பதிப்பு முதல் டைட்ச்–மோகோடாஃப் சேர்ந்திருக்கிறது.

எந்த ஒலிக் குறியீட்டுக்கும் எட்டாத இடைவெளிகளும் உண்டு. கலீசியாவில் சமயச் சடங்கோடு மட்டும் மணந்து அரசுப் பதிவு செய்யாத பெற்றோரின் குழந்தைகள் பலர் தாயின் குடும்பப்பெயரில் பதிவானார்கள். தாவீது குருன், பென்-குரியன் ஆனதுபோல் ஹீப்ருப் பெயர் சூட்டிக்கொண்டவர்களையும் முழுதாகப் பிடிக்க முடியாது.

நாஜிப் படுகொலையில் சிதறிய குடும்பங்களின் வாரிசுகள் இன்றும் இந்த எண்களைக் கொண்டு உறவினரைத் தேடுகிறார்கள். அவர்கள் மறக்கக் கூடாத ஒன்று உண்டு: எண் ஒத்துவந்தால் உறவு உறுதியாகிவிடாது. ஊர், பிறந்த ஆண்டு, தந்தை பெயர் மூன்றும் பொருந்துகின்றனவா என்று மூலப் பதிவைத் திறந்து பார்த்தே முடிவுக்கு வர வேண்டும்.