ஊசித் துவாரத்தின் சரித்திரம்

டீசல் என்பது ஒரு மனிதருடைய பெயர். பட்டாபிராமில் ஒரு டாக்ஸிக்காரரிடம் நான் இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. "எண்ணெய்க்குப் போய் யாராவது மனுஷன் பேரை வைப்பாங்களா, சார்?" என்றார். வைத்துவிட்டார்கள். ருடால்ஃப் டீசல் 1858-இல் பாரிஸில் பிறந்த ஜெர்மானியர். 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் அவருடைய யந்திரம் ஒழுங்காக ஓடிக் காட்டியது. 1913 செப்டம்பர் 29-ஆம் தேதி இரவு ஆண்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறியவர், மறுநாள் காலையில் தம் அறையில் இல்லை. கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனாலும் நான் எழுத வந்தது அவருடைய முடிவைப் பற்றியல்ல. கடைசி வரையில் அவரைப் படாதபாடு படுத்திய ஒரு சின்னத் துவாரத்தைப் பற்றி.

பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி உண்டு; டீசல் எஞ்சினில் கிடையாது. காற்றை வெகுவாக அமுக்கினால் அது சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்கு பம்ப்பின் அடி எப்படிச் சுடும் என்று தெரியும். அந்தச் சூட்டில் எண்ணெயைப் பனிபோலத் தூவினால் தானே பற்றிக்கொள்ளும். தூவுவதில்தான் சங்கடம். டீசல் காற்றை அமுக்கி, அதன் பலத்தால் எண்ணெயை உள்ளே ஊதினார். அதற்கென்று தனியாக ஒரு கம்ப்ரஸர் வேண்டியிருந்தது. கப்பலுக்கும் ஆலைக்கும் அது சரி. காரில் அதை எங்கே வைப்பது? ஸ்டட்கார்ட்டில் ராபர்ட் பாஷ் 1922-இல் இந்த வேலையில் இறங்கி, 1927-இல் எண்ணெயையே நேராக அமுக்கித் தள்ளும் பம்ப்புகளை ஏராளமாகச் செய்து விற்க ஆரம்பித்தார். 1936-இல் மெர்ஸிடஸ் கம்பெனியின் டீசல் கார் பெர்லின் கண்காட்சிக்கு வந்துவிட்டது.

இந்த பம்ப்பிலும் இன்ஜெக்டரிலும் ஓடுகிற உருக்குத் தண்டுக்கும் அதன் கூட்டுக்கும் உள்ள இடைவெளி சில மைக்ரான்தான். தலைமயிரின் பருமனில் இருபதில் ஒரு பங்குகூட இராது. அந்த இடுக்கில் வேறு மசகு கிடையாது, டீசலேதான் மசகு. ஆகவே தூசி வந்தால் கீறும், தண்ணீர் வந்தால் துருப்பிடிக்கும், மண்ணெண்ணெய் வந்தால் உலர்ந்து தேயும். இன்ஜெக்டர் கெட்டுப்போவதன் முக்கால் சரித்திரம் இவ்வளவுதான்.

நம் பக்கத்துக்கு இந்தச் சாமான் வந்த கதை சுவாரசியமானது. 1951-இல் பெங்களூரில் மைக்கோ கம்பெனி ஏற்பட்டது. பம்ப் என்றால் மைக்கோ என்று சொல்லும் அளவுக்கு அந்தப் பெயர் மெக்கானிக்குகளின் வாயில் ஊறிவிட்டது. 1965-இல் ஆவடியில் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அதன் எஞ்சினும் பொறியில்லாமல் எரிகிற ஜாதிதான். அந்தத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனவர்களில் எத்தனையோ பேர் பட்டாபிராம்வாசிகள். 1980-ஐ ஒட்டி டீசல் அம்பாஸடர் வந்த பிறகு, டாங்கிக்காரர்களுக்கும் லாரிக்காரர்களுக்கும் தெரிந்த வித்தை டாக்ஸிக்காரர்களுக்கும் வேண்டியதாயிற்று.

அந்த வித்தையை திருவள்ளூர் நெடுஞ்சாலையோரம் ஒரு நாசில் கடையில் நான் நின்று பார்த்திருக்கிறேன். கழற்றிய இன்ஜெக்டரைக் கைப்பிடி போட்ட ஒரு டெஸ்டரில் மாட்டி அமுக்குவார்கள். நல்ல நாசில் 'கிர்ர்' என்று கத்திக்கொண்டு மூடுபனி போலத் தூவும். கெட்ட நாசில் குழந்தை எச்சில் ஒழுக்குவதுபோல் சொட்டும். அப்படிச் சொட்டினால் காலையில் வண்டி கிளம்ப அடம் பிடிக்கும், கரும்புகை கக்கும், நின்ற இடத்தில் குலுங்கும். கவனிக்காமல் விட்டால் பிஸ்டனையே பொத்தலாக்கிவிடும். மெக்கானிக் கண்ணால் பார்த்ததைவிடக் காதால் கேட்டதுதான் அதிகம். நான் எட்டிப் பார்க்கப் போனபோது, "கையைக் கிட்ட கொண்டு வராதீங்க சார், தோலுக்குள்ள பூந்துடும்" என்றார். மிகையில்லை. அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து விரலுக்குள் புகுந்துவிடும். வெளியே ஊசிக் குத்துப் போலத்தான் தெரியும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் விரலே போய்விடலாம்.

மண்ணெண்ணெய் என்றேனே, அதில் ஒரு மனிதனின் உயிரும் அடங்கியிருக்கிறது. ஏழைகளுக்காகச் சர்க்கார் மலிவாகக் கொடுத்த மண்ணெண்ணெயை டீசலில் கலந்தால் நல்ல லாபம். நீலச் சாயம் போட்டுப் பார்த்தார்கள், கலப்படம் நிற்கவில்லை. இந்தியன் ஆயில் கம்பெனியில் அதிகாரியாக இருந்த மஞ்சுநாத் சண்முகம், கோலார் தங்கவயலில் வளர்ந்த பிள்ளை, உத்தரப் பிரதேசத்தில் லக்கிம்பூர் கேரி ஜில்லாவில் கலப்படம் செய்த பங்க்கை மூட வைத்தார். அது மறுபடி திறந்ததும் சோதிக்கப் போனார். 2005 நவம்பர் 19-ஆம் தேதி அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 27. நம் வண்டியின் நாசில் தேயாமலிருக்க ஒரு வாலிபன் செத்தான் என்று சொன்னால் பெரிய வார்த்தையாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

1997-இல் இத்தாலிய ஆல்ஃபா ரோமியோ காரில் 'காமன் ரெயில்' என்ற புது ஏற்பாடு வந்தது. 2002-இல் நம் இருங்காட்டுக்கோட்டையிலேயே அந்த மாதிரி எஞ்சின் வைத்த ஹூண்டாய் ஆக்ஸென்ட் விற்பனைக்கு வந்துவிட்டது. பழைய அம்பாஸடர் நாசில் காற்றழுத்தத்தைப்போல் நூறு இருநூறு மடங்கில் திறக்கும். இதில் 1,300 மடங்குக்கு மேல், பிறகு 2,000 வரையிலும் போயிற்று. புகை குறைந்தது, சத்தம் குறைந்தது. அழுக்கைப் பொறுக்கும் குணமும் அதோடு போயிற்று. பழைய வண்டி தண்ணீர் கலந்த டீசலைக் குடித்துவிட்டுத் திக்கித் திணறியாவது வீடு வந்து சேரும். புதியது நடுவழியில் படுத்துவிடும், எழுப்புவதற்கு ஒரு மாதச் சம்பளம் கேட்கும்.

ஆகையால் ஃபில்டரை மாற்றுவதில் சிக்கனம் பார்க்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆச்சரியம். ஃபில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரை அவ்வப்போது திறந்து வடித்துவிட வேண்டும். டாங்கைக் கடைசிச் சொட்டு வரையில் ஓட்டினால் அடிக் கசண்டும் காற்றும் உள்ளே போகும். பங்க்கில் டாங்கர் லாரி எண்ணெய் இறக்கிக்கொண்டிருந்தால், அடியிலுள்ள அழுக்கு கலங்கியிருக்கக்கூடும். அன்றைக்கு வேறு பங்க்குக்குப் போவதே புத்தி. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின், மூழ்கின வண்டியின் சாவியை ஆசையாகத் திருப்பிப் பார்த்தவர்கள் அதற்குத் தண்டனையும் கட்டினார்கள். தப்பித் தவறி டீசல் டாங்கில் பெட்ரோல் போட்டுவிட்டாலும் அப்படித்தான்: சாவியைத் தொடாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் டாங்கை வடிக்க வேண்டும்.

2020 ஏப்ரலில் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் கூடாதென்று சட்டம் வந்தது. கந்தகத்தை எடுக்கிறபோது எண்ணெயின் வழவழப்பும் குறைகிறது. அதை வேறு மருந்து சேர்த்து ஈடுசெய்கிறார்கள். மாருதி போன்ற கம்பெனிகள் அதோடு டீசல் காருக்கே கும்பிடு போட்டுவிட்டன.

இப்போது பல இன்ஜெக்டர்களின் தலையில் எழுத்தும் எண்ணுமாக ஒரு குறி பொறித்திருக்கிறது. புதிதாக ஒன்றை மாட்டினால் அந்தக் குறியை வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அது எவ்வளவு எண்ணெய் விடும் என்ற கணக்கு வண்டிக்குத் தெரியாது. நாசில் கடை மெக்கானிக், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அதை ஒரு சிகரெட் அட்டையின் பின்புறத்தில் எழுத்தெழுத்தாகக் குறித்துக்கொண்டிருந்தார்.