நாப்1 புரதமும் ரைபோசோமல் ஆர்.என்.ஏ. உருவாக்கமும்: ஒரு கருத்தின் வரலாறு

உட்கருமணி ரைபோசோமின் பிறப்பிடம் என்பது 1964இல் உறுதிப்பட்டது. உட்கருமணியற்ற தவளை விகாரிகள் ரைபோசோமல் ஆர்.என்.ஏ.வைத் தொகுக்க இயலாதவை என்பதை டொனால்டு பிரவுனும் ஜான் குர்டனும் அவ்வாண்டில் காட்டினர். இடம் தெளிந்த பின்னரும், அங்குள்ள புரதங்கள் ஒவ்வொன்றும் ஆற்றும் பணி எது என்ற வினா நெடுநாள் விடையின்றியே இருந்தது. அவ்வினாவை ஈஸ்டின் நாப்1 என்னும் புரதத்தின் வழி இக்கட்டுரை அணுகுகிறது.

இப்புரதத்தின் வரலாறு ஈஸ்டில் தொடங்கவில்லை, மருத்துவத்தில் தொடங்குகிறது. தோல் இறுகும் ஸ்கிளிரோடெர்மா நோயாளர் சிலரது குருதிநீரில் உட்கருமணியைத் தாக்கும் எதிர்ப்பொருள்கள் உள்ளன. அவற்றைக் கருவியாகக் கொண்டு, 1985இல் ஏறத்தாழ 34 கிலோடால்டன் எடையுள்ள புரதம் ஒன்று இனங்காணப்பட்டு ஃபைப்ரில்லாரின் எனப் பெயர்பெற்றது. நோயாளரின் உடலே ஆய்வுக்கருவியை வழங்கியது எனலாம். ஆயினும் பாலூட்டி உயிரணுவில் மரபணுவை விருப்பப்படி நீக்கிப் பார்ப்பது அன்று எளிதன்று. அவ்வசதி ஈஸ்டில் இருந்தது. 1989இல் எட் ஹர்ட், டேவிட் டாலர்வி ஆகியோர் அடங்கிய குழு, ஃபைப்ரில்லாரினை ஒத்த நாப்1 ஈஸ்டில் உள்ளதையும், அது உட்கருமணியின் சிறு ஆர்.என்.ஏ.க்களோடு பிணைந்திருப்பதையும், அதன்றி ஈஸ்ட் உயிர்வாழாது என்பதையும் வெளியிட்டது.

'இன்றியமையாதது' என்பது பணியைக் கூறும் சொல்லன்று. எனவே 1991இல் நாப்1 மரபணு காலக்டோசால் இயங்கும் முன்னியக்கியின் கீழ் வைக்கப்பட்டது. வளர்ப்பூடகம் குளுக்கோசுக்கு மாற்றப்பட்டதும் புரதம் படிப்படியாகக் குறைந்தது. 35எஸ் முன்னோடி ஆர்.என்.ஏ. வெட்டப்பட்டு முதிரும் நிகழ்வும் சீர்குலைந்தது. நாப்1 ஒரு பதப்படுத்தற் காரணி என்ற முடிவு இயல்பாகவே எழுந்தது. அம்முடிவு பிழையன்று, ஆனால் குறையுடையது. தூணை அகற்றினால் கூரை சரியும் என்பது தெரியும். தூண் எந்தெந்தச் சுமையைத் தாங்கியது என்பது அதனால் விளங்காது.

இவ்விடர்ப்பாட்டை நீக்கியது அதே குழுவினரின் 1993ஆம் ஆண்டுக் கட்டுரை. இவ்வரலாற்றின் திருப்புமுனையாக அதையே கொள்ள வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. புரதத்தை அகற்றாமல், வெப்பநிலை உயரும்போது மட்டும் செயலிழக்கும் மாற்றுருக்கள் அதில் ஆக்கப்பட்டன. நாப்1.2, நாப்1.5 ஆகியவற்றில் முன்னோடியின் பதப்படுத்தல் தடைப்பட்டது. நாப்1.4, நாப்1.7 ஆகியவற்றில் பெருந்துணை அலகின் கட்டமைப்புக் குன்றியது. நாப்1.3 வேறுபட்டது: அதில் ஆர்.என்.ஏ. முதிர்ந்து ரைபோசோமிலும் சேர்ந்தது. ஆனால் அது பெற வேண்டிய மெத்தில் தொகுதிகள் பெரிதும் குறைந்திருந்தன. ஒரே புரதத்தின் மூன்று பணிகள் மரபியல் வழியே தனித்தனியாகப் பிரிந்தன.

எனினும் நாப்1 தானே மெத்திலேற்றும் நொதியா, அல்லது நொதிக்குத் துணையா? 1996இல் சிறு ஆர்.என்.ஏ.க்கள் காரத்தொடர் இணைவின் மூலம் மெத்திலேற்ற வேண்டிய இடத்தைச் சுட்டுகின்றன என்பது நிறுவப்பட்டது. 2000இல், மெத்தனோகாக்கஸ் ஜன்னாஷியை என்னும் ஆர்க்கியாவின் ஒத்த புரதத்தின் படிக அமைப்பு, மெத்தில்மாற்று நொதிகளுக்குரிய மடிப்பை வெளிப்படுத்தியது. வழிகாட்டி ஆர்.என்.ஏ., வினையாற்றி நாப்1 என்னும் பகுப்பு அதன் பின்னரே நிலைபெற்றது. நொதி என்ற விடை ஈஸ்டிலிருந்து மட்டும் கிடைக்கவில்லை என்பதும் கருதத்தக்கது.

இதுவரை கூறியன யாவும் படியெடுக்கப்பட்ட ஆர்.என்.ஏ.வைச் சார்ந்தவை. 2014இல் வெளிவந்த முடிவோ படியெடுத்தலுக்கே நாப்1ஐக் கொண்டு சென்றது. ஹிஸ்டோன் எச்2ஏ புரதத்தின் 105ஆம் இடத்துக் குளுட்டமினையும் ஈஸ்டில் நாப்1 மெத்திலேற்றுகிறது. அக்குறி ரைபோசோமல் டி.என்.ஏ. பகுதியில், ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் 1 இயங்குமிடத்தில் காணப்படுகிறது. இக்கண்டறிவுக்குப் பின் 1991ஆம் ஆண்டு முடிவுகளை மீண்டும் படிக்கும் ஆய்வாளர், நாப்1 குறைந்தபோது தளர்ந்தவற்றில் எவ்வளவு பதப்படுத்தலைச் சார்ந்தது, எவ்வளவு படியெடுத்தலைச் சார்ந்தது எனத் தனித்தனியே கேட்க வேண்டியவராகிறார்.