மறுக்கப்பட்ட சிகிச்சையின் சரித்திரம்

சங்கரன்கோவிலில் கோமதி அம்மன் சந்நிதியை நாடி வரும் நோயாளிகள் புற்றுமண்ணைப் பிரசாதமாகப் பெற்று நெற்றியில் இட்டுக்கொள்வதும், சிறிது வாயில் போட்டுக்கொள்வதும், பாம்பும் தேளும் பொறித்த தகடுகளை உண்டியலில் செலுத்துவதும் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் வழக்கம். அம்மண்ணால் வியாதி தீருமா என்ற விவாதத்துள் நான் புகவில்லை. நீட்டிய கையைப் பார்த்து, உனக்கு வந்தது எந்த வியாதி, அது எவ்வாறு வந்தது என்று அங்கே எவரும் விசாரிப்பதில்லை என்பதே நான் கருதுவது. மருத்துவ உலகமோ எச்.ஐ.வி. கிருமி உள்ளவர்களிடம் அவ்விசாரணையை நெடுங்காலம் நடத்தி, சிறுநீரக மாற்றுச் சிகிச்சையை அவர்களுக்கு மறுத்தே வந்தது.

1971இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், உயிரோடிருப்பவர் ஈந்த சிறுநீரகம் நம் நாட்டில் முதன்முதலாக வெற்றியுடன் பொருத்தப்பட்டது. 1986இல், சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் மாணவி செல்லப்பன் நிர்மலா திரட்டிய இரத்த மாதிரிகள் அதே வேலூரில் சோதிக்கப்பட்டபோது, எச்.ஐ.வி. கிருமி இந்தியாவில் பரவியிருப்பது வெளிப்பட்டது. இரண்டு சரித்திரங்களும் ஓர் ஊரைத் தொட்டே தொடங்கியும், ஒன்றையொன்று சந்திக்கப் பல்லாண்டுகள் ஆயின.

காரணம் அச்சம். பொருத்திய சிறுநீரகத்தைச் சரீரம் அந்நியமென்று தள்ளிவிடாதிருக்க, நோயெதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கவேண்டும், எச்.ஐ.வி.யோ அச்சக்தியையே அழிப்பது. ஆகையால் அரிதாய்க் கிடைக்கும் உறுப்பு வீணாகி, நோயாளியும் விரைவில் மாள்வார் என்றெண்ணினர். எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்துகள் தோன்றாத காலத்தில் அது நியாயமான அச்சமே. மருந்துகள் வந்த பின்னரும், 2004 ஏப்ரலில் நம் அரசு அவற்றை இலவசமாக வழங்கத் தொடங்கித் தாம்பரம் மருத்துவமனை போன்ற இடங்களில் ஜனங்கள் உயிர் பிழைத்த பின்னரும், அவ்வச்சம் நீடித்ததைத்தான் என்னால் நியாயப்படுத்த இயலவில்லை. நெடுநாள் வாழ்ந்தவர்களின் சிறுநீரகங்கள் கிருமியாலும், சர்க்கரையாலும், இரத்த அழுத்தத்தாலும், சிலருக்கு டெனோஃபோவிர் மருந்தாலுமே பழுதடைந்தன.

தென்னாப்பிரிக்காவில் இத்தகையோருக்கு அரசு மருத்துவமனைகள் டயாலிசிஸும் மறுத்துவந்த நிலையில், 2008இல் கேப்டவுன் குரூட் ஷூர் மருத்துவமனையின் எல்மி முல்லர், எச்.ஐ.வி. இருந்து இறந்தவர்களின் சிறுநீரகத்தை அக்கிருமி உள்ளவர்களுக்கே பொருத்தத் துணிந்தார். அமெரிக்காவில் 150 பேரிடம் நடந்து 2010இல் வெளியான ஆராய்ச்சியில், 100க்கு ஏறக்குறைய 95 பேர் ஓராண்டும், 88 பேர் மூன்றாண்டும் உயிரோடிருந்தனர். பலவீனமென்று கருதப்பட்ட அவர்களுடைய எதிர்ப்புச் சக்தி, மற்றவர்களைக்காட்டிலும் அதிகமாகவே புதிய உறுப்பை எதிர்த்ததுதான் எவரும் எதிர்பாராத விஷயம். ரிட்டோனவிர் போன்ற எச்.ஐ.வி. மருந்துகள், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவை இரத்தத்தில் பன்மடங்கு உயர்த்தியதும் பெருந்தொல்லையாயிற்று. இப்போது அரசு வழங்கும் டோலுடெக்ராவிரில் அத்தொல்லை இல்லை.

அமெரிக்கா 2013இல் சட்டம் இயற்றி, கிருமி உள்ளவரின் உறுப்பை அக்கிருமி உள்ளவர்க்கே அளிக்க வழிசெய்தது. நம் நாட்டிலும் சில மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. உள்ளோர்க்குச் சிறுநீரகம் பொருத்தப்பட்டிருக்கிறது. 2017இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பர் 10 முதல் அமலான சட்டம், எச்.ஐ.வி.யைக் காரணங்காட்டிச் சிகிச்சை மறுப்பதைத் தடைசெய்கிறது.

சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுபவரோ, வேறு எவரோ, இக்கிருமியோடு வாழ்ந்து சிறுநீரகமும் பழுதாகி, டயாலிசிஸுக்காகத் திருநெல்வேலிக்கும் மதுரைக்கும் அலைவாராயின், கிருமி மருந்துக்கு அடங்கியிருக்கும் பட்சத்தில், மாற்றுச் சிகிச்சைக்குத் தாம் தகுதியுடையவரா என்று மருத்துவரிடம் கூச்சமின்றிக் கேட்கட்டும். அவர் கேட்கத் தயங்கினால், உறவினர்களே, நீங்கள் உடன் சென்று கேளுங்கள்.